பாண்டியன் தலைநகரில் பெண்கள் காற்பந்து

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையைப் பாடம் நடத்திய ஆசிரியர் எவரும் கந்துக வரியை மறந்திரார். கந்துகம் என்பது பந்து. அம்மானை வரி சோழனைப் பாடும். ஊசல் வரி சேரனைப் பாடும். கந்துக வரியோ பாண்டியனை வாழ்த்தும். பந்தடித்துக்கொண்டே பாடுவோர் மகளிர். மதுரை வேந்தன் புகழைப் பந்தோடு இணைத்துப் பாடும் உரிமையை இளங்கோவடிகள் பெண்களுக்கே அளித்திருக்கிறார். அது கையால் அடிக்கும் பந்து. இன்றைய காற்பந்து அன்று. ஆயினும் பந்து ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம் மரபில் பிறந்ததன்று என்பதற்கு இச்சான்று போதும்.

அவ்வாறாயின் அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண இங்கிலாந்து நாட்டின் பிரஸ்டன் நகரை நோக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் சென்றனர். ஆலைகளில் பெண்கள் வெடிமருந்துக் கருவிகள் செய்தனர். டிக் கெர் என்னும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 1917இல் ஒரு காற்பந்துக் குழு அமைத்தனர். காயமுற்ற படைவீரர்களின் மருத்துவத்திற்கு நிதி திரட்டுவதே அவர்கள் நோக்கம். 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமஸையொட்டி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5இல், இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தன் உறுப்புச் சங்கங்களின் திடல்களைப் பெண்களுக்குத் தரலாகாது என்று தடை விதித்தது. காற்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்பது சங்கத்தின் வாதம். தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. பெண்களின் கால்கள் தோற்கவில்லை. மக்கள் வாராமலும் போகவில்லை. திடலின் கதவு அடைக்கப்பட்டது, அவ்வளவே. உலகெங்கும் ஆங்கிலேயர் கொண்டுசென்ற காற்பந்தோடு அவர்களுடைய இவ்வெண்ணமும் பரவிற்று எனலாம்.

இந்தியாவில் பெண்களுக்கான தேசியப் போட்டி 1970களில்தான் தொடங்கியது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும், 1983இல் பாங்காக்கில் நடந்த போட்டியிலும் இந்தியப் பெண்கள் இரண்டாமிடம் பெற்றனர். ஆனால் அவ்வெற்றியால் எவருக்கும் வாழ்க்கை அமையவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் வீடு திரும்பினர். கழகங்களுக்கிடையே நடைபெறும் இந்திய மகளிர் லீக் போட்டி 2016-17ஆம் பருவத்தில்தான் பிறந்தது.

தமிழகத்தில் இவ்வாட்டம் வேரூன்றிய வரலாற்றில் கடலூருக்குத் தனியிடம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையோரக் குடும்பங்கள் பலவற்றைச் சிதைத்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அரசு அங்கே காப்பகம் அமைத்தது. பயிற்சியாளர் மாரியப்பன் கடலூர்ச் சிறுமியருக்குப் பந்தாட்டம் பயிற்றினார். அம்மாவட்டத்திலிருந்து எழுந்த இந்துமதி கதிரேசன் இந்தியக் குழுவில் ஆடினார். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணி பெற்றார். 2018இல் கட்டாக் நகரில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியக் கோப்பையை முதன்முறையாகக் கொணர்ந்தனர். மணிப்பூர் அதுவரை இவ்வாட்டத்தின் பெருங்கோட்டையாக விளங்கியதை நினைத்தால் இவ்வெற்றியின் அருமை புலப்படும்.

இனி மதுரைக்கு வருவோம். மதுரை சென்னையைப் போன்ற மாநகரமன்று. கல்கத்தாவைப் போலக் காற்பந்துக்குப் பெயர்போன ஊருமன்று. அங்கேதான் சேது கழகம் என்னும் பெண்கள் குழு எழுந்தது. மதுரையை அடுத்த காரியாபட்டிப் பகுதியில் உள்ள சேது பொறியியல் கல்லூரி அதற்கு ஆதரவாக நின்றது. 2017-18ஆம் பருவத்தில் ஷில்லாங்கில் நடந்த லீக் போட்டியில் அக்குழு களம் கண்டது. அடுத்த பருவத்திலேயே, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில், மணிப்பூர்க் காவல்துறைக் குழுவை 3-1 என வென்று இந்தியாவின் முதற்குழுவாயிற்று. அக்குழுவுக்குப் பயிற்சியளித்தவர் அமிர்தா அரவிந்த் என்னும் பெண்மணி. 2022இல் புவனேசுவரத்தில் கோகுலம் கேரளக் குழுவிடம் மட்டுமே முதலிடத்தை இழந்து சேது இரண்டாமிடம் பெற்றது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? திறமை என்று மட்டும் கூறிவிட்டால் வரலாறு விளங்காது. திறமை கடலூரிலும் இருந்தது, பிரஸ்டனிலும் இருந்தது. ஒரு குழு நிலைபெற மூன்று வேண்டும்: ஆடத் திடல், உண்டு உறங்க இடம், ஆடாத நாளிலும் குறையாத வருவாய். பிரஸ்டன் பெண்களுக்கு இவற்றை ஆலை தந்தது; திடல் பறிபோனதும் பெருங்கூட்டம் கலைந்தது. மதுரையில் ஒரு கல்லூரி தாங்கிற்று.

மூன்றாவதாகிய வருவாயே கடினமானது. 2019இன் லீக் போட்டியில் இறுதிச் சுற்று முழுவதும் ஒரே ஊரில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று வாரம் ஆடும் பெண் எஞ்சிய நாட்களில் என்ன செய்வாள்? ஆட்டம் எப்போது தொழிலாகிறது என்பதற்கு இதுவே உரைகல். 2023-24ஆம் பருவத்தில் ஏழு குழுக்கள் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை வந்தது. போட்டி மாதக்கணக்கில் நீண்டது. கழகம் தன் ஆட்டக்காரரை நெடுநாள் வைத்துக் காக்கவேண்டிய கடமையும் அதனோடு வந்தது. வெற்றிக் கோப்பையினும் இம்மாற்றம் பெரிது என்பேன்.

நம் மலேசிய நாடும் இத்துறையில் பின்தங்கித் தொடங்கவில்லை. 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் போட்டியிலேயே நம் பெண்கள் ஆடினர். துங்கு அப்துல் ரஹ்மானின் துணைவியார் துன் ஷரிஃபா ரோட்சியா பெயரால் மாநிலக் குழுக்களுக்கான கோப்பையும் 1970களிலேயே நிறுவப்பெற்றது. தொடக்கம் இருந்தது, ஆனால் ஆண்டு முழுதும் தாங்கும் கைகள் போதவில்லை.

இதை எழுதும்போது என்னை நானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியவனாகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கு வந்த நாள் முதல் பையன்களுக்குக் காற்பந்தும் பெண்களுக்கு வலைப்பந்தும் கொடுத்து வந்தேன். ஏனென்று நானும் கேட்டதில்லை, எவரும் என்னைக் கேட்டதில்லை. இம்மலைச் சரிவில் சமதரை என்பது அரிய பொருள். கோலா தெர்லாவில் உள்ள ஒரு துண்டுத் திடலை மாலைதோறும் பையன்களே நிரப்பினர். தேயிலைக் கூடையோடு சரிவேறும் தாயின் மகளுக்குக் காலில் வலுவில்லை என்று எந்த நூலும் சொல்லவில்லை. 1921இல் இங்கிலாந்துச் சங்கம் தீர்மானம் எழுதிச் செய்ததை நான் எழுதாமலே செய்திருக்கிறேன்.

இவ்வாண்டு வாரத்தில் இரண்டு மாலைகள் திடலைப் பெண்களுக்கென ஒதுக்கியிருக்கிறேன். முதல் நாள் ஒன்பது பேர் வந்தனர். தொழில்முறைக் குழு அமைப்பது ஒரு தோட்டப் பள்ளியால் ஆகக்கூடியதன்று. எனினும் மூன்று தேவைகளுள் முதலாவதாகிய திடல் நம் கையில் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் தத்தம் பள்ளியில் அதனைத் திறந்துவிடுவார்களாயின், மற்ற இரண்டையும் கேட்டுப் பெறும் துணிவு அப்பெண்களுக்குத் தானே வரும்.