ஏடன் துறைமுகமும் யூத வணிகரின் உணவு விதிகளும்: ஒரு சமூகவியல் நோக்கு

சமய உணவு விதிகளை ஆராய்வோருள் ஒரு சாரார் அவற்றை இறைகட்டளை என்று கூறி அமைவர்; மறுசாரார் உடல்நலங்கருதி முன்னோர் வகுத்தவை என விளக்குவர். இவ்விதிகள் இயங்கிய சமூகத்தை இவ்விரு சாராரும் கணக்கிலெடுப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஏடன் நகருக்கு வந்துசென்ற யூத வணிகரின் வாழ்வினூடாக இப்பொருளை ஈண்டு நோக்குவோம்.

ஏடன் எரிமலைவாயினுள் அமைந்த வறண்ட நகர். 14ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற இபுனு பதூதா, பயிரும் மரமும் நீரும் அற்ற ஊர் என்றும், மழைநீரைத் தொட்டிகளிற் சேர்த்து மக்கள் வாழ்ந்தனர் என்றும் குறித்துள்ளார். விளைநிலமற்ற இந்நகர் செல்வம் பெற்றமைக்குச் செங்கடலையும் இந்து சமுத்திரத்தையும் இணைத்த அதன் அமைவிடமே காரணமாகும்.

இவ்வணிகர் பற்றிய சான்றுகள் பழைய கெய்ரோவாகிய புஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்திற் கிடைத்தவை. இறைவன் பெயர் எழுதிய தாள்களை அழித்தலாகாது என்ற மரபினால் கடிதங்களும் கணக்குகளும் வழக்கேடுகளும் அங்குள்ள ‘கெனிஸா’ அறையில் இடப்பட்டன. 1896-97இல் சொலமன் ஷெக்டர் அவற்றுட் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். பின்னர் எஸ். டி. கொய்டைன் அவற்றைக் கொண்டு அச்சமூகத்தின் அன்றாட வாழ்வை மீட்டுருவாக்கினார்.

‘கோஷர்’ எனப்படும் உணவு விதிகள் பன்றியிறைச்சியை விலக்கின. இறைச்சியையும் பாலையும் சேர்த்துண்ணலைத் தடுத்தன. விதியறிந்த ஷொஹெட் ஒருவரே விலங்கை அறுத்தல் வேண்டும் என்றன. பாற்கட்டிக்கும் திராட்சை மதுவுக்கும் தனி விதிகள் இருந்தன. இவற்றைத் தன்னந்தனியனான பயணி கைக்கொள்ளல் அரிது. அவன் சென்றடையும் ஊரில் அறுப்போனும் சான்றளிப்போனும் தன்னவரும் இருத்தல் வேண்டும். தொலைவிலிருந்து வந்த பாற்கட்டிக்கு அது விதிப்படி ஆக்கப்பட்டதென உறுதிகூறும் பத்திரங்கள் கெனிஸாவிலே கிடைத்துள்ளன. புஸ்தாத்தில் வாரம் இருமுறை வறியோர்க்கு ரொட்டி பகிரப்பட்டது. பெற்றோர் பட்டியல்களில் அயலூரார் பலர் இடம்பெறுகின்றனர். ஆகவே, பயணியின் உணவுத்தட்டுக்குப் பின்னால் ஒரு சமூக நிறுவனமே நின்றது எனலாம்.

அந்நிறுவனம் வணிகத்தின் நிறுவனமுமாகும். ஏடனில் வணிகர் பிரதிநிதியாக விளங்கிய மத்மூன் பின் ஹசன், அயலூர் வணிகரின் சரக்குகளைக் காத்தும் விற்றும் அவர்தம் பொருட்டு வழக்காடியும் வந்தார். யேமன் யூதரின் தலைமையும் அவரிடமே இருந்தது. உணவிற் கட்டுப்பாடு காத்தவனைப் பற்றிய செய்தி அவனது கடன் நாணயம் பற்றிய செய்தியோடு ஒரே வழியிற் பயணஞ் செய்தது.

எனினும் தனியுணவு தனிவணிகத்துக்கு இட்டுச்செல்லவில்லை. 1135இல் கீஷ் தீவின் அதிபன் ஏடனை முற்றுகையிட்டபோது, அதனை முறியடிக்க உதவியவை முஸ்லிம் பெருவணிகரான ராமிஷ்தின் இரு கப்பல்கள். கடிதங்களிற் காணப்படும் ‘பதன்சுவாமி’ என்ற கப்பலுடைமையாளரின் பெயர், தென்னிந்திய வணிகத் தலைவர்க்கு வழங்கிய ‘பட்டணசுவாமி’ என்ற பட்டத்தோடு தொடர்புடையதாகலாம். உண்ணும் பந்தி வேறாயினும் சரக்கேற்றிய கப்பல் ஒன்றே.

இச்சமூகத்தினுள்ளும் முரண்பாடு உண்டு. மலையாளக் கரையில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு, 1132இல் ஆஷு என்னும் அடிமைப் பெண்ணுக்கு மங்களூரில் விடுதலைப் பத்திரம் எழுதினார். அவருடைய வணிகத்தின் பொருட்டு ஏடனுக்குச் சென்றுவந்த முகவனும் அடிமையே. உணவின் தூய்மையை வரையறுத்த அதே சட்டம் அடிமையுடைமையையும் அனுமதித்தது.

இவ்விதிகளை ஒழுங்குறத் தொகுத்த பேரறிஞர் மைமோனிதெஸ். அவர் கற்றெழுதிய ஆண்டுகளிற் குடும்பத்தைத் தாங்கியது அவருடைய தம்பி தாவீதின் வணிகம். பாலைவனத்தைக் கடந்து செங்கடற்கரையின் அய்தாப் துறையை அடைந்த தாவீது, அங்கிருந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதிவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார், கடலிலே மாண்டார். அண்ணன் ஓராண்டளவு நோயுற்றுக் கிடந்தார். பின்னர் மருத்துவத் தொழிலாற் குடும்பத்தைத் தாங்கினார். சட்டநூலின் ஏடுகளுக்குள்ளே இவ்வுழைப்பும் இழப்பும் உறைந்துள்ளன. இதனை மறந்து ‘தூய கருத்து’ பற்றிப் பேசுவது வரலாறாகாது.

ஏடனில் யூத வாழ்வு 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1947 டிசம்பர்க் கலவரத்தில் 82 யூதர் கொல்லப்பட்டனர். 1949-50இல் யேமன் யூதர் பெருந்தொகையினர் ஏடன் வழியாக விமானமேறி இஸ்ரேல் சென்றனர். 1967இல் பிரித்தானியர் வெளியேறிய ஆண்டிலே எஞ்சியோரும் நீங்கினர். ஏகாதிபத்தியமும் இனத்தேசியங்களும் மோதிய களத்தில், எண்ணூறாண்டுகளுக்கு முன் வேறு வேறு பந்தியில் உண்டும் ஒருங்கே வாணிகஞ் செய்த மக்களின் வழித்தோன்றல்கள் பிரிக்கப்பட்டனர். வேறுபட்ட உணவு பகைமையின் காரணமன்று என்பதற்கு அப்பழைய கடிதங்களே சான்று. பகைமையின் காரணங்களை அரசியலிலும் பொருளியலிலும் தேடுவதே நம் கடமையாகும்.