உயில் எழுதாமல் இறந்தால் தோட்டம் யாருக்குப் போகும்? விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தென்னைக்கு உரம் வைக்கவும், தக்காளி நாற்று விடவும் நாள் பார்த்துத் திட்டமிடும் நாம், நமக்குப் பின் தோட்டம் யாருக்கு, எப்படிப் போக வேண்டும் என்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம். "பசங்க பேசிக்குவாங்க" என்று விட்டுவிடுகிறோம். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி பகுதியில் நிலத்தின் விலை ஏறியிருக்கும் இன்றைய நிலையில் அது நடப்பது கடினம். நிலத்தை அளந்து பிரித்துவிடலாம். கிணற்றையும், மின் இணைப்பையும், வண்டித்தடத்தையும் அப்படிப் பிரிக்க முடியாது. பெரும்பாலான தகராறுகள் இங்குதான் தொடங்குகின்றன.

உயில் இல்லாவிட்டால் பங்கு எப்படிப் போகும்?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். முன்பே இறந்த மகன் அல்லது மகளின் பங்கு அவர்களுடைய குடும்பத்துக்குச் சேரும். மகளுக்குத் திருமணமாகிவிட்டது, நகை போட்டாயிற்று என்பதால் அவர் பங்கு குறையாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்த 4 ஏக்கர் தோப்பை விட்டு இறக்கிறார். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். ஆளுக்கு 1 ஏக்கர். பின்னர் தாயும் உயில் எழுதாமல் இறந்தால், அந்த 1 ஏக்கர் அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் அந்தத் தோப்பில் பங்கு வந்துவிடும். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டமும், கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ம் பொருந்தும். பங்கு விவரம் வேறுபடும்.

1938-ல் வாங்கிய நிலம், 2022-ல் தீர்ப்பு

சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டத்து நிலம் ஒன்றை 1938-ல் ஒரு கவுண்டர் நீதிமன்ற ஏலத்தில் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்தார். அவருக்கு ஒரே மகள். அந்த மகளும் குழந்தை இல்லாமல் 1967-ல் இறந்துவிட்டார். அதன்பின் நிலம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. பெரியவரின் தம்பி மகன் வழியினர் தங்களுக்கே என்றனர். தம்பியின் மகள்களில் ஒருவர், தனக்கு ஐந்தில் ஒரு பங்கு உண்டு என்று 1991-ல் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 20.01.2022 அன்று அந்தத் தீர்ப்புகளை மாற்றியது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து, 1956-க்கு முன்பே அவர் இறந்திருந்தாலும், மகளுக்கே சேரும் என்றும், மகளுக்குப் பின் தந்தையின் வாரிசுகளுக்குச் சமமாகப் பிரியும் என்றும் கூறியது. இது அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு. தீர்ப்பு வருவதற்குள் மேல்முறையீட்டாளர் காலமாகி, அவருடைய வாரிசுகள்தான் வழக்கை நடத்தினார்கள். முறையான ஓர் உயில் இருந்திருந்தால் இந்த 30 ஆண்டு அலைச்சலுக்கு இடமே இருந்திருக்காது.

பட்டா மாறாவிட்டால் என்ன இழப்பு?

பட்டா இறந்தவர் பெயரிலேயே இருந்தால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ளம், வறட்சி நிவாரணம் எல்லாவற்றிலும் சிக்கல் வரும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதற்கும் சிட்டா, அடங்கல் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்பதை மட்டுமே காட்டும். யாருக்கு எந்தப் பக்கம் என்று சொல்லாது. வங்கியில் நாமினியாக இருப்பவரும் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர்தானே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

உயிலில் விவசாயி எழுத வேண்டியவை

• ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கு எல்லை.
• கிணறு, ஆழ்துளைக் கிணறு யாருடைய பாகத்தில் இருக்கிறது, மற்றவருக்கு எத்தனை பங்கு, தண்ணீர் முறை எந்தெந்த நாள்.
• மின் இணைப்பு எண், மோட்டார். புதிய இலவச விவசாய இணைப்புக்குப் பதிவு செய்து வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதால், இருக்கும் இணைப்பை யார் எப்படிப் பயன்படுத்துவது என்று தெளிவாக எழுதுங்கள்.
• வண்டித்தடம் எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம். அடுத்தவர் பாகம் வழியாகப் போகும் தண்ணீர்க் குழாய்.
• மனைவி உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கும் வீடும், ஒரு பகுதி தோப்பின் வருமானமும்.
• கால்நடை, டிராக்டர், நகை, வைப்புத்தொகை, கட்ட வேண்டிய கடன்.

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். மகனுக்கு இருப்பது போலவே மகளுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 11.08.2020 அன்று உறுதி செய்திருக்கிறது.

எப்படி எழுதுவது?

வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட வயது குறைந்தவர்களாகச் சாட்சி வைப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை; ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், பின்னால் "இது போலி" என்று சொல்வது கடினம். வயது முதிர்ந்தவர்கள், தெளிந்த மனநிலையில் இருப்பதாக மருத்துவர் சான்று ஒன்றும் வாங்கி வைக்கலாம்.

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். உயில் எழுதிய பிறகும் நிலம் உங்களுடையதுதான்.

தான செட்டில்மெண்ட் அப்படியல்ல. பதிவானவுடன் உரிமை கைமாறிவிடும். அதையே செய்ய விரும்பினால், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால், பராமரிக்காதபோது மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ன் கீழ் ரத்து செய்யக் கோரலாம்.

முதலில் செய்ய வேண்டியது

இந்த வாரமே பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒன்றாக வைத்துச் சரிபாருங்கள். பட்டா இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருந்தால், அதை மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள். அடுத்து மனைவி, மகன், மகள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, ஒரு வழக்கறிஞரின் உதவியோடு உயிலை எழுதுங்கள். உங்கள் பெயரில் சொத்து வைத்திருக்கும் பெண்களும் தனியாக உயில் எழுத வேண்டும். கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதை நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அதை எழுத்திலும் வைத்துவிடுங்கள்.