சுங்கச்சுவர் சரிந்தபோது

மலைக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நாடு சிலி. 1973-இல் அந்நாட்டின் சுங்கவரி சராசரியாக நூற்றுக்கு 90-க்கும் மேல்; சில பண்டங்களுக்கோ 750! சுவரா அது? கோட்டை! அதற்குள் பல ஆலைகள் போட்டியறியாது உறங்கின.

அவ்வாண்டு செப்டம்பர் 11-இல் ஆட்சியைப் பறித்த படைத்தலைவர் பினோசே, 1979-க்குள் மோட்டார் வண்டிகள் நீங்கலாக ஏறத்தாழ எல்லாப் பொருளுக்கும் வரியைப் பத்தாக்கினார்.

விளைவு? பொருளியலறிஞர் நினா பாவ்ச்னிக், 1979 முதல் 1986 வரையிலான ஆலைக் கணக்குகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார். இறக்குமதியோடு மோதிய ஆலைகளின் உற்பத்தித்திறன், அம்மோதல் இல்லாதவற்றைவிட நூற்றுக்கு 3 முதல் 10 வரை கூடுதலாக உயர்ந்தது. மெய்யை மறுப்பது பகுத்தறிவாகாது, ஒப்புகிறோம்.

ஆனால் அதே ஆய்வின் மற்றோர் எண்ணையும் படிக்க வேண்டுமன்றோ? 1979-இல் இயங்கிய ஆலைகளில் நூற்றுக்கு 35, 1986-க்குள் மூடப்பட்டன. அவற்றில் உழைத்தோர், 1979-ஆம் ஆண்டின் ஆலைத் தொழிலாளரில் கால் பங்கினர்! மொத்தத் திறன் உயர்வில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, நலிந்த ஆலைகளிடமிருந்து வலிய ஆலைகளுக்கு உற்பத்தி மாறியதால் வந்தது. பின்தங்கிய மாணவனை வெளியேற்றித் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தும் வித்தை, ஆசிரியனான எனக்குப் புதிதன்று.

அத்தனை மூடலும் வரிக் குறைப்பின் வினையன்று. டாலருக்கு 39 பெசோ என நாணயத்தைக் கட்டிவைத்ததும், 1982-இல் வெடித்த நெருக்கடியும் சேர்ந்தே கொன்றன. வேலையிழந்தோர் முறையிடத் தொழிற்சங்கத் தலைமை அமைப்பும் இல்லை. 1973-லேயே தடை செய்யப்பட்டிருந்தது.

ஆலை முதலாளிகளின் கூக்குரலோ ஆட்சியின் செவியில் ஏறிற்று. சுவரை இடித்த அதே ஆட்சி, 1984-இல் வரியை 35 ஆக உயர்த்தியது.