முத்துக்குளித்துறைக் கடலின் நீல ஒளி

கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் ஏறக்குறைய 450 முதல் 495 நானோமீட்டர் வரை அலைநீளம் உடைய பகுதியை நீல ஒளி என்கிறோம். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையில், அது பகலில் ஒரு வழியாகவும் இரவில் வேறொரு வழியாகவும் பிறக்கிறது. முத்தின் மேல் மின்னும் நீலத்துக்குக் காரணம் இவ்விரண்டிலும் சேராதது.

பகலில் தெரியும் நீலம், தண்ணீர் மற்ற நிறங்களை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் ஒளி. நீர் மூலக்கூறில் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் இணைக்கும் பிணைப்புகள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வு சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக விழுங்கிவிடுகிறது. தூய நீரில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி 10 மீட்டர் போவதற்குள் நூற்றுக்கு மூன்று பங்காக இளைத்துவிடும். 450 நானோமீட்டர் நீல ஒளியோ அதே தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிழைத்திருக்கும். குவளைத் தண்ணீரில் இந்த வேறுபாடு தெரியாது, ஆழம் வேண்டும்.

அந்த ஆழத்தைத் தினமும் கண்டவர்கள் முத்துக்குளிக்கும் பரதவர். கரைக்கு அப்பால் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வளர்கின்றன. ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர். கல்லின் பாரத்தில் இறங்கும் குளியாளி பத்துப் பாகத்தைத் தொடும்போது சிவப்பு நிறம் அவருக்கு மேலேயே நின்றுவிட்டிருக்கும். செந்நிறக் கடற்பஞ்சு அங்கே கருத்துத் தெரியும். சிப்பியின் விளிம்பு விரலைக் கிழித்தால் ரத்தம் கரும்பச்சையாகக் கசியும். ஒரே மூச்சின் அவகாசத்தில், நிறத்தை நம்ப முடியாத அந்த நீல மங்கலில், வடிவத்தையும் கைத்தொடுகையையும் கொண்டே சிப்பியைப் பிரித்தெடுத்தார்கள். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுவோர் மூச்சடக்கும் திறமையை வியக்கிறார்கள். இந்தக் கண்பழக்கமும் அதற்குக் குறையாத கலை. காற்று அடங்கிக் கடல் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே குளிப்புக்கு ஏற்றவை. பெரிய அளவிலான கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

நீர் சிவப்பை விழுங்குவதால் மட்டும் கடல் நீலமாகத் தெரிந்துவிடாது. மிஞ்சிய நீலம் மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணுக்கு வரவேண்டும். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிய திருச்சிக்காரரான சி. வி. ராமன், நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை அடக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவுசெய்து, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து செப்டம்பர் 26 தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். அலைநீளம் குறையக் குறைய இச்சிதறல் மிகும்: 450 நானோமீட்டர் ஒளி, 650 நானோமீட்டர் ஒளியைப் போல் நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. அந்தக் கப்பல் தளத்தில் தொடங்கிய சிதறல் ஆய்வுதான், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவாக முடிந்தது.

கரையோரத்தில் இந்த நீலம் நிலைப்பதில்லை. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது; ஆறுகள் கொண்டுவரும் மட்கிய இலைதழைச் சாறும் வண்டலும், நீரில் மிதக்கும் நுண்பாசிகளின் பச்சையமும் நீல ஒளியை உறிஞ்சுவதால் கடல் பச்சையாகிறது. இந்த இழப்பே மீனவருக்குத் தகவலாகிறது. இந்தியாவின் ஓஷன்சாட் செயற்கைக்கோள்கள் கடலிலிருந்து வரும் நீலத்தையும் பச்சையையும் ஒப்பிட்டுப் பச்சையத்தின் அளவைக் கணிக்கின்றன. ஹைதராபாதிலுள்ள இந்தியத் தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இதையும் கடற்பரப்பின் வெப்பநிலையையும் சேர்த்து, மீன் கூடக்கூடிய இடங்களைத் துறைமுகங்களுக்கு அறிவிக்கிறது.

இரவில், துடுப்புப் பட்டதும் நீரில் பளிச்சிடும் நீலம் உயிரிகளின் வேலை. இவற்றுள் நன்கு அறியப்பட்டது நாக்டிலூகா என்னும் ஒற்றைச்செல் உயிரி. அலையோ வலையோ உரசும்போது அதன் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடி, லூசிஃபெரின் என்னும் பொருள் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளிவிடுகிறது. அலைநீளம் 470 நானோமீட்டரை ஒட்டியது. கடலுயிர்கள் வெளியிடும் ஒளி பெரும்பாலும் நீலமாகவே இருப்பது தற்செயலன்று. நீரில் நெடுந்தூரம் செல்வது அதுதான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் இவ்வொளியைக் காண மக்கள் திரண்டார்கள். மறுமாதமே மண்டபம் பகுதியில் நாக்டிலூகா பெருகிக் கடல் பச்சையாகியது. மீனவர்கள் ‘பூங்கோரை’ என்று சொல்லும் பெருக்கம் இது. ஆக்ஸிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின, பவளங்களும் மடிந்தன. பவள இழப்பைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். ஒளிரும் கடலைப் படமெடுத்துப் போற்றுவோர் இந்தப் பின்பாதியையும் அறிந்திருக்க வேண்டும்.

முத்தில் தெரியும் நீலத்துக்குப் பெரும்பாலும் சாயம் எதுவும் தேவையில்லை. மைக்ரோமீட்டரில் பாதிக்கும் குறைவான தடிப்புள்ள கால்சியம் கார்பனேட் தகடுகள், மெல்லிய புரதப் படலங்கள் இடையிட, அடுக்கடுக்காக அமைந்ததே முத்து. அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் நிறம் காட்டுகின்றன. முத்தைத் திருப்பினால் நிறமும் மாறும். 1954-இல் ராமனும் டி. கிருஷ்ணமூர்த்தியும் முத்துகளின் இந்த ஒளியியலை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். சில வளர்ப்பு முத்துகளில் உட்கருவுக்கும் மேலடுக்குக்கும் இடையே கரிமப் பொருள் தங்கிக் கருநீலச் சாயலைத் தருவதும் உண்டு. அந்த நிறம் கோணத்துக்கேற்ப அவ்வளவாக மாறாது. தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் நாட்டின் முதல் வளர்ப்புக் கோள முத்துகளை உருவாக்கியது.