சோம்பேறிப் பாத்தி

அயர்லாந்துக்காரர்கள் உருளைக்கிழங்கு போட்ட மேட்டுப்பாத்திக்கு ஆங்கிலத்தில் 'லேசி பெட்' என்று பேர். நம்ம பேச்சில் சொன்னால் சோம்பேறிப் பாத்தி. மண்வெட்டி பிடித்தவன் யாரும் இப்படி ஒரு பேர் வைத்திருக்க மாட்டான் என்பது என் கட்சி. வேலையைப் பாருங்க, புரியும்.

மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளை ஒட்டி நடவு தொடங்கும். உழவு கிடையாது. புல்தரை மேலேயே நீளமாகச் சாணம் பரப்புவார்கள். கடலோரத்தில் சாணத்துக்குப் பதில் கடற்பாசி. கரையிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து வரணும். அதன் மேல் கண்ணுள்ள கிழங்குத் துண்டுகளை வைத்து, இரண்டு பக்கமும் மண்ணைப் புல்லோடு வெட்டி, புல் கீழே போகிற மாதிரி கவிழ்த்து மூடுவார்கள். இதற்கு 'லாய்' என்று ஒடுக்கமான நீளக்காம்பு மண்வெட்டி; காலால் மிதித்து இறக்கணும். புல் மக்கி உரமாகும். வெட்டின பள்ளம் வடிகாலாகும். செடி வந்ததும் பள்ளத்து மண்ணை அள்ளி அணைக்கணும். ஓயாத மழை, ஏர் ஏறாத மலைச்சரிவு. அங்கே இதைவிட நல்ல வழி இல்லை. ஆரன் தீவுகளில் வெறும் பாறை மேல் மணலும் பாசியும் கொட்டி மண்ணையே உண்டாக்கினார்கள்.

நல்ல நிலம் ஜமீன்தார் கையில். கூலிக்காரனுக்குக் கிடைத்தது துண்டு நிலம். அதில் குடும்பமே சாப்பிடக் கிழங்கு ஒன்றால்தான் முடியும். உழைக்கிற ஆள் ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் கிழங்கு தின்பானாம், தொட்டுக்க மோர். மட்டமான மண்ணிலும் காய்க்கும் என்று 'லம்பர்' ரகத்தையே ஏழைகள் அதிகம் போட்டார்கள். விதை கிழங்கிலிருந்தே எடுப்பதால் எல்லாச் செடியும் ஒரே உடம்பு. 1845-ல் பின்கருகல் நோய் வந்தபோது அந்த ரகத்தால் தாங்க முடியவில்லை. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அதே வருஷங்களில் அங்கே விளைந்த தானியமும் வளர்ந்த மாடும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து கவனித்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். கிழங்குக்கு வருஷத்தில் சில வாரம் உழைத்தால் போதும், மிச்ச நாள் அவனுக்கு ஓய்வுதான் என்று 1848-ல் எழுதினார். இதே மனுஷர்தான் 1859-ல் நம்ம சென்னைக்குக் கவர்னராக வந்தார்.

பேர் வைக்கிறதில் என்ன இருக்கு என்று கேட்காதீங்க. சோம்பேறி என்று பேர் வைத்துவிட்டால், அப்புறம் அவன் பசிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அக்கில் தீவின் ஸ்லீவ்மோர் மலைச்சரிவில், ஆளில்லாத கல்வீடுகளுக்குப் பக்கத்தில் அந்தப் பாத்திகள் இன்னும் வரிவரியாகத் தெரிகின்றன.