பெர்லின் சுவரோவியங்கள்

ஜெர்மனியின் பெர்லின் நகரை 1961 முதல் 1989 வரை கிழக்கு, மேற்கு எனப் பிரித்து நின்ற எல்லைச் சுவரிலும், அது இடிந்தபின் நகரின் பிற சுவர்களிலும் எழுதி வரையப்பட்ட முழக்கங்கள், கிறுக்கல்கள், ஓவியங்கள் ஆகியவற்றின் பொதுப்பெயர். பெர்லினுக்கு உலகறிந்த முகத்தைத் தந்தவை இவை. ஆனால் வரைந்தவர்களுக்கு அந்தச் சுவரில் ஓரங்குலமும் சொந்தமாக இருந்ததில்லை.

1961 ஆகஸ்ட் 13 அன்று முள்வேலியாக எழுந்த எல்லை, விரைவில் செங்கல்லும் கான்கிரீட் கட்டியும் அடுக்கிய கரடுமுரடான சுவராயிற்று. அதில் முழக்கம் எழுதலாம், ஓவியம் எடுபடாது. 1975 முதல் 3.6 மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட வழவழப்பான கான்கிரீட் பலகைகள் நிறுத்தப்பட்டன. ஏறித் தப்புவோரின் கைக்குப் பிடி கிடைக்காமலிருக்க உச்சியில் உருண்டைக் குழாயும் வைத்தார்கள். மேற்குப் பக்கத்து ஓவியர்களுக்கு அந்தப் பலகைகள் தோதான திரையாக அமைந்தன. கிழக்குப் பக்கமோ காவற்கோபுரங்களின் கண்காணிப்பில் வெறுமையாகவே கிடந்தது.

சுவர் எல்லைக்கோட்டின் மேல் நிற்கவில்லை. சில மீட்டர் கிழக்கே தள்ளி நின்றது. ஆகவே மேற்கிலிருந்து வந்து வரைபவரும் கிழக்கு ஜெர்மனியின் மண்ணில்தான் கால்வைத்தார். மேற்குக் காவல்துறைக்கு அங்கே அதிகாரமில்லை. கிழக்கின் எல்லைக் காவலர்கள் சுவரிலிருந்த சிறு கதவுகள் வழியே வந்து பிடிக்கலாம். 1986 நவம்பரில், கிழக்கிலிருந்து மேற்கே குடிபெயர்ந்திருந்த ஐந்து இளைஞர்கள் ஓவியங்களின் குறுக்கே நீண்ட வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்துச் சென்றனர். சுவர் வேடிக்கைப் பொருளாகிவிட்டது என்பது அவர்கள் ஆத்திரம். அவர்களில் ஒருவர் பிடிபட்டுக் கிழக்கில் சிறைவைக்கப்பட்டார். வண்ணங்கள் சுவரின் கொடுமையை மறைக்கின்றனவா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. அதைத் தள்ளிவிட்டு இந்த ஓவியங்களைப் புகழ முடியாது.

1982இல் பெர்லினுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் தியெரி நுவார், 1984 முதல் சுவரில் தொடர்ந்து வரைந்தார். பெரிய உதடுகளும் பளிச்சென்ற நிறமும் கொண்ட பக்கவாட்டு முகங்கள் அவர் முத்திரை. காவலர் வருமுன் முடிக்க வேண்டிய அவசரத்தில் பிறந்த எளிமை அது. 1986 அக்டோபரில் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங், எல்லைக் கடவையான செக்பாயின்ட் சார்லி அருகே சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு, கைகால் கோத்த மனித உருவங்களைக் கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் தீட்டினார். இரு ஜெர்மனிகளின் கொடிகளுக்கும் பொதுவான நிறங்கள் அவை. விரைவிலேயே பிறர் அதன்மேல் வரைந்துவிட்டார்கள்.

1989 நவம்பர் 9 அன்று எல்லை திறந்தது. அடுத்த ஆண்டே ஓவியம் தாங்கிய பலகைகள் மான்டி கார்லோவில் ஏலத்துக்கு வந்தன. வரைந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, வழக்குத் தொடுத்தனர். விற்ற தொகையில் ஓவியர்களுக்கும் பங்குண்டு என்று 1995இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியின்றி வரைந்த படத்துக்கும் படைப்புரிமை உண்டென ஏற்ற இத்தீர்ப்பே இவ்வரலாற்றின் பெரிய திருப்பம்.

இதற்கிடையே, ஸ்ப்ரீ ஆற்றங்கரையில் கிழக்கு நோக்கி வெறுமையாக நின்ற 1.3 கிலோமீட்டர்ச் சுவரில் 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள் வரைந்தனர். 1990 செப்டம்பரில் ஈஸ்ட் சைடு கேலரி என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கரும் முத்தமிடும் காட்சி இங்கே பெயர்பெற்றது. 1979இல் எடுத்த புகைப்படத்தைக் கொண்டு ரஷ்ய ஓவியர் திமித்ரி விரூபெல் வரைந்தது அது. 1991இல் சுவர் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. ஆயினும் 2013இல் ஆற்றங்கரையில் ஆடம்பரக் குடியிருப்பு கட்டுவதற்காகச் சில பலகைகளைப் பெயர்த்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தனர்.

குரோய்ஸ்பெர்க் பகுதியின் குவ்ரி தெருவில் இத்தாலிய ஓவியர் புளூ 2007, 2008 ஆண்டுகளில் வரைந்த இரு பேரோவியங்கள் நகரின் அடையாளமாகப் புத்தகங்களிலும் அஞ்சலட்டைகளிலும் இடம்பிடித்தன. அருகிலுள்ள காலிமனையில் கட்டடத் திட்டம் வந்தது. தம் படம் மனையின் மதிப்பை உயர்த்தும் விளம்பரமாவதை ஓவியர் விரும்பவில்லை. அவர் சம்மதத்துடன் 2014 டிசம்பரில் இரண்டின்மேலும் கறுப்புச் சாயம் பூசப்பட்டது. அம்மனையில் இப்போது அலுவலகக் கட்டடம் இருக்கிறது.

படங்களுக்குப் படைப்புரிமை உண்டென்றாலும், பிறர் சுவரில் அனுமதியின்றி வரைவதைத் தெளிவாகக் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் ஜெர்மனியில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது.