எலப்புள்ளித் தொடியும் நாட்டு மாவும்

முக்கனியுள் முதற்கனி மா. உலகத்தார் இன்று சொல்லும் 'மேங்கோ' என்ற சொல்லே, நம் 'மாங்காய்' மலையாளக் கரையில் போர்த்துகீசியர் வாயில் 'மங்கா' ஆகிப் போனதுதான். சமணச் சிற்பங்களில் அம்பிகா இயக்கி மாங்கொத்து ஏந்தி நிற்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அத்தனை பழைய உறவு இது.

பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் எலப்புள்ளியில் முதலில் கண்ணில் படுவது நெல்வயலும் பனையும். வீட்டுத் தொடிக்குள் நுழைந்தால் நாட்டு மா. சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு 1956 நவம்பர் 1-இல் கேரளத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு ஊரைப் பிரித்தது. மரங்களின் பெயரைப் பிரிக்கவில்லை. மூன்றாண்டில் காய்ப்பதாகச் சொல்லப்படும் 'மூவாண்டன்' என்ற பெயருக்குத் தமிழருக்கு அகராதி வேண்டாம். 'வெள்ளைக்கொழும்பன்' யாழ்ப்பாணத்தார் கொண்டாடும் கறுத்தக்கொழும்பானை நினைவூட்டும்.

ஒட்டுக்கட்டும் முறையை 16-ஆம் நூற்றாண்டில் கோவாவில் பரப்பியவர்கள் போர்த்துகீசியர். அல்போன்சா என்ற பெயர் அவர்களுடைய ஆளுநர் அல்போன்சோ அல்புகர்க்கிடமிருந்து வந்தது. அல்போன்சாக் கொட்டையை நட்டால் அதே ருசி வருமென்ற உறுதி இல்லை. மூவாண்டன், ஒளோர், குறுக்கன், சந்திரக்காரன் போன்ற மேற்குக்கரை மாக்களின் சங்கதியே வேறு. ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை கிளம்பும். ஒன்று மகரந்தச் சேர்க்கையால் பிறந்ததாக இருக்கலாம். மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே வருவதால் தாயை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். பாட்டி தின்று போட்ட கொட்டை, பேரனுக்கும் அதே ருசியைக் கொடுக்கும். அது மட்டுமா? அல்போன்சா அதிகம் உயராமல் இருக்க வெள்ளைக்கொழும்பன் வேரில் ஒட்டலாம் என்று தோட்டக்கலை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ராஜா ரகமே நாட்டு வேரில்தான் நிற்கிறது!

வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். மண்டிக்கு வேண்டியது கெட்டித் தோலும், ஒரே அளவும், லோடு தாங்கும் சதையும். முந்திய பருவத்துக்குப் பேர் பெற்ற முதலமடைத் தோட்டங்கள் அதைத் தருகின்றன, குறை சொல்வதற்கில்லை. நாட்டுப் பழமோ தோல் மெல்லிசு, நார் அதிகம், சாறு வழியும். நாக்குக்கு நல்லது லாரிக்கு ஆகாது. அதனால் விலை கிடைக்காது. விலை இல்லாத மரம்தான் வீடு கட்டும்போது முதலில் வெட்டுப்படும். ஆனால் மாம்பழப் புளிசேரிக்கும், பரணியில் ஊறும் வடுமாங்காய்க்கும் அதைவிட்டால் வேறு ஏது?

நல்ல சேதியும் உண்டு. கண்ணூர் மாவட்டத்துக் கண்ணபுரத்தில் ஊரார் நாட்டு ரகங்களைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். 2020-இல் அங்குள்ள ஒரு பகுதி நாட்டு மாம்பழ மரபிடமாக அறிவிக்கப்பட்டது. அதே மாவட்டத்துக் குற்றியாட்டூர் மாம்பழம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. கிழக்குப் பாலக்காட்டுத் தொடிகளுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகும் சங்க அன்பர்கள் ருசித்த பழத்தின் கொட்டையைக் காயவிடாமல் சில நாளுக்குள் நட்டுவிடுங்கள். மரத்துக்கு ஊரார் வைத்த பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாத மரத்தை வெட்ட யாரும் யோசிப்பதில்லை.